கொடிக்கம்பி

அண்ணனுக்குக் கல்யாணமான பிறகு என் அறையிலிருந்து முதலில் வெளியேறியது மைக் ஸ்டாண்டு. அடுத்து ஹெட்போன். அதற்கடுத்து, அலமாரிக் கதவில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்த பழைய கம்பளி.

அதுவரை என் அறைதான் அவனுக்கு ஸ்டுடியோ. விளம்பரங்களுக்கும் குறும்படங்களுக்கும் இசையமைப்பது அவன் தொழில். என் துணி அலமாரியைத் திறந்துவைத்து, தொங்கும் துணிகளுக்கு நடுவே தலையை விட்டுக்கொண்டு பாடினால் எதிரொலி இருக்காது. நான் கட்டிலில் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பேன். பாடி முடித்ததும் தலையை வெளியே எடுத்து, "எப்படி?" என்பான்.

"ரெண்டாவது வரி இறங்குது."

மறுபடி அலமாரிக்குள் போவான். எல்லாம் சரியாக வந்த பிறகு, "உன் காதுதான் காது" என்பான். அதைக் கேட்பதற்காக நான் அந்தக் கட்டிலில் நாள் முழுக்க உட்காரத் தயாராக இருந்தேன். வேறு யாரிடமும் அவன் "எப்படி?" என்று கேட்டதில்லை.

நான் அதிகம் பேசமாட்டேன். அதனால் எனக்கு ஸ்பீக்கர் என்று பெயர் வைத்திருந்தான். அவன் மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவான். அண்ணி வந்த வாரமே, சாப்பாட்டு மேஜையில், "ஸ்பீக்கர், அந்த உப்பைக் கொஞ்சம் எடு" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். வேறென்ன செய்வது.

அண்ணி கோரஸ் பாடுகிறவள். நல்ல குரல். அதை மறுக்க முடியாததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவள் அலமாரிக்குள் தலையை விட்டுப் பாடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். "நாத்தனாரோட துணி வாசனையில காதல் பாட்டு வராதுங்க" என்றாளாம். அண்ணன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். மைக் அவர்கள் அறைக்குப் போனது. டிரம்ஸும் வந்து சேர்ந்தது.

பக்கத்து வீட்டில் ஒரு நர்ஸ் இருக்கிறார். இரவெல்லாம் வேலை, பகலில் தூக்கம். டிரம்ஸ் வந்த மறுநாளே மதில்மேல் தலையை நீட்டினார்.

"தம்பி, நீங்க அடிக்கறது நல்லாத்தான் இருக்கு. தூக்கத்துல கேட்டாலும் நல்லாத்தான் இருக்கு. அதான்ப்பா பிரச்சனை."

அப்படித்தான் பின்தோட்டத்தில், சத்தம் வெளியே போகாத ஓர் அறை கட்டுவதென்று முடிவானது.

அதற்குத் திட்டம் போடச் சொல்லி அண்ணன் என்னிடம் வந்தான். நான் இயற்பியல் படித்தவள். காது டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் செவித்திறன் பரிசோதிப்பது என் வேலை. கண்ணாடிக் கூண்டுக்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்போன் வழியாக மெல்லிய ஒலிகளை அனுப்புவேன். கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். கேட்காமலே தூக்குகிறவர்கள் உண்டு. கேட்டும் தூக்காமல் இருப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு ஏதாவது காரணம் இருக்கும்.

"உன்னை விட்டா எனக்கு யாருடி இருக்கா?" என்றான் அண்ணன். அந்த வார்த்தையில் உருகிப்போய், அவனையும் அவளையும் என் காதுக்கு எட்டாமல் வைத்துப் பூட்டுகிற அறையை நானே வரைந்து கொடுத்தேன்.

அறைக்குள் அறை. வெளியே செங்கல் சுவர். அதற்குள், ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு, ரப்பர் கட்டைகள்மேல் நிற்கும் மரச்சட்டம். சட்டத்தின்மேல் இரண்டு அடுக்கு ஜிப்சம் பலகை. இடைவெளியில் பஞ்சு போன்ற கனிமக் கம்பளி. முக்கியமானது ஒன்றுதான்: உள்ளறையும் வெளியறையும் எந்த இடத்திலும் தொட்டுக்கொள்ளக் கூடாது. ஓர் ஆணி தொட்டாலும் போதும், சத்தம் அதைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

கொத்தனார் என் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வீட்டுக்குள்ள வீடு. ரெண்டும் தொடக்கூடாது, பேசக்கூடாது. என்ன பாப்பா, பாகப்பிரிவினை ஆன வீடா?"

படத்தில் உள்ளறைக்குள் மேஜைக்கு ஒரு சதுரம், மேஜை முன்னால் ஒரு நாற்காலி, பாடுகிறவருக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தேன். மூலையில் இன்னொரு சிறு சதுரமும் போட்டிருந்தேன். அது எதற்கு என்று எழுதவில்லை. அண்ணி அதன்மேல் விரலை வைத்தாள்.

"இது என்னது?"

நான் பதில் சொல்வதற்குள் அண்ணன், "டிரம்ஸ் பெட்டி வைக்கற இடமா இருக்கும். நல்லா யோசிச்சிருக்கா பாரேன்" என்றான்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அறை முடிந்தபோது அந்த மூலையில் டிரம்ஸ் பெட்டிதான் உட்கார்ந்தது.

கட்டட வேலை நடந்தபோது அம்மாவுக்கு ஒரே ஒரு கவலைதான். தோட்டத்தின் குறுக்கே அவளுடைய துணி உலர்த்தும் கொடி இருந்தது. அதன் கம்பத்தைப் பிடுங்கித்தான் அஸ்திவாரம் தோண்டினார்கள்.

"தோட்டத்தை எடுத்துக்கிட்டீங்க. எலுமிச்சையை வெட்டிட்டீங்க. என் கொடியை எங்க கட்டறது, உங்க கழுத்துலயா?"

ஒருநாள் நான் வேலையிலிருந்து திரும்பியபோது புதுக் கொடி கட்டியாகிவிட்டது. ஸ்டுடியோவின் வெளிச்சுவரிலிருந்து என் அறை ஜன்னல்வரை இறுக்கி இழுத்த இரும்புக் கம்பி. தச்சரை விட்டு அம்மாவே மாட்டச் சொல்லியிருக்கிறாள். "நல்ல நீளமான போல்ட்டா போடுப்பான்னு பக்கத்துலயே நின்னு போட வச்சேன். ஈரப் போர்வையைப் போட்டாலும் அசையாது" என்றாள். எனக்கு அன்று வேறு யோசனை. அறைக்கு நாற்காலிகள் வந்திறங்கியிருந்தன. இரண்டே இரண்டு.

சோதனை ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அண்ணன் உள்ளே போய் இரண்டு கதவுகளையும் சாத்திக்கொண்டு டிரம்ஸை அடித்து நொறுக்கினான். பிறகு தொண்டை கிழியக் கத்தினான். நான் வெளியே சத்தம் அளக்கும் மீட்டரோடு சுற்றிவந்தேன். கொடியில் வரிசையாக ஈரப் போர்வைகள். அவற்றை விலக்கி விலக்கி நடந்தேன். மீட்டரில் முள் அசையவில்லை. நர்ஸ் மதிலுக்கு அந்தப் பக்கம் தன் பங்குக்குக் காதைக் கொடுத்துவிட்டு, "தம்பி உள்ள இருக்காரா, வெளிய எங்கயாவது போயிட்டாரா?" என்றார்.

அண்ணன் வியர்வையோடு வெளியே வந்தான். "என்ன கத்தினேன் தெரியுமா?"

"தெரியாது."

"உன்னைத்தான் திட்டினேன். சின்ன வயசுல என் சைக்கிளை உடைச்சதுலேர்ந்து ஆரம்பிச்சு, ஒண்ணு விடல."

அண்ணி கைதட்டினாள். எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். பிறகு அவர்கள் இருவரும் உள்ளே போனார்கள். கனமான கதவு சாத்திக்கொண்டது. நான் மீட்டரைப் பையில் வைத்தேன்.

அதன் பிறகு மாலைகளில் வீடு அமைதியாக இருந்தது. அவர்கள் உள்ளே என்ன பாடுகிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள், அவன் யாரிடம் "எப்படி?" என்று கேட்கிறான், ஒன்றும் தெரியாது. சாப்பிட வரும்போது பேச்சு பாதியிலிருந்து தொடரும். "நீங்க அதைச் சொன்னீங்களே" என்பாள் அவள். "எதை?" என்று நான் கேட்கமாட்டேன்.

கிளினிக் அரைநாள் விடுமுறை விட்ட ஒரு பிற்பகலில்தான் அது நடந்தது. என் ஜன்னலின் ஒரு பாதியை ஏசி வைப்பதற்காக எப்போதோ அறுத்து, ஏசி வாங்காமல், பிளைவுட் பலகையால் அடைத்திருந்தார்கள். அதன் பக்கத்தில் தலைவைத்துப் படுத்திருந்தேன். பலகைக்குள்ளிருந்து யாரோ ஸ்வரம் பாடினார்கள். எறும்பு பாடினால் அப்படி இருக்கும். பலகையில் காதை வைத்தேன். அண்ணி.

எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கொடியில் ஒரு துணியும் இல்லை. அப்போதுதான் புரிந்தது. அம்மாவின் நீளமான போல்ட் செங்கல் சுவரைத் தாண்டி, கம்பளியைத் தாண்டி, உள்ளறையின் சட்டத்தில் போய்க் குத்தி நிற்கிறது. உள்ளே பாடினால் ஜிப்சம் பலகை அதிர்கிறது, சட்டம் அதிர்கிறது, போல்ட், கம்பி, என் ஜன்னல் சட்டம், பிளைவுட். தீப்பெட்டியிலும் நூலிலும் பள்ளிக்கூடத்தில் செய்வோமே, அதே டெலிபோன். சோதனை நாளில் ஈரப் போர்வைகள் கம்பியை அமுக்கி ஊமையாக்கியிருந்தன.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். தச்சரைக் கூப்பிட்டுக் கழற்றினால் முடிந்தது. நான் கட்டிலை இன்னும் கொஞ்சம் ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டேன்.

துணி கொடியில் இருந்தால் ஒன்றும் கேட்காது. எனவே வேலையிலிருந்து வந்ததும் முதல் வேலையாகத் துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன். அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சல் ஒண்ணும் இல்லையே. பின்ன என்னடி ஆச்சு உனக்கு?"

காதை வைத்துக் கேட்பேன். அண்ணி பாடுவாள். ஒரு விளம்பரப் பாட்டு, ஏதோ தண்ணீர்க் குழாய் கம்பெனிக்கு. பெரிய வாய்ப்பு என்று பேசிக்கொண்டார்கள். இரண்டாவது வரியின் முடிவில் அவள் சுருதி கொஞ்சம் இறங்கும். அண்ணன் கவனிக்கமாட்டான். அவனுக்கு அந்த இடத்தில் எப்போதும் காது தூங்கிவிடும். எனக்குப் பொறுக்காது. பலகையில் வாயை வைத்தபடி, "ரெண்டாவது வரி இறங்குது" என்று முணுமுணுப்பேன். யாருக்காகவும் அல்ல. பழக்கம்.

சிறிது நேரம் கழித்து அண்ணி, "ரெண்டாவது வரி இறங்கின மாதிரி இருக்கு. இன்னொரு தடவை போலாமா?" என்பாள். அவளே கண்டுபிடித்துவிட்டாள் என்று எரிச்சலாக இருக்கும். இன்னொரு நாள், மூச்சு விடும் இடம் தப்பு என்று நான் முணுமுணுத்தேன். அவளும் அதையே சொன்னாள். எனக்கு இருக்கும் காது அவளுக்கும் இருந்தது. குரலும் அவளுக்கே இருந்தது.

பிறகு ஒரு மாலை அண்ணனின் குரல் கம்பி வழியாக வந்தது. சின்னதாக, சுத்தமாக.

"உன் காதுதான் காது."

அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அண்ணி இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளச் சொன்னாள். வேண்டாம் என்றேன். "ஸ்பீக்கர் இன்னிக்கு ஆஃப்" என்றான் அண்ணன். இருவரும் சிரித்தார்கள்.

ஆனால் அந்த அறையிலும் எல்லாம் சரியாக இல்லை. பதிவுகளில் நடுநடுவே 'டொக்' என்று ஒரு சத்தம் விழ ஆரம்பித்தது. காற்றடிக்கும் நாட்களில் அடியில் ஒரு ரீங்காரம். அண்ணன் மைக்கை மாற்றினான், வயர்களை மாற்றினான், தரையில் படுத்துக் காதை வைத்துப் பார்த்தான். கடைசியில் என்னிடம் வந்தான்.

"உன் கணக்கு எங்கயோ உதைக்குது. ஞாயித்துக்கிழமை உள்சுவரைப் பிரிச்சுப் பாக்கப் போறேன். பாட்டு குடுக்கற நாள் வேற நெருங்குது."

என் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. காக்கை கம்பியில் வந்து உட்கார்ந்தால் உள்ளே 'டொக்' என்று கேட்கும். அவ்வளவுதான். ஆனால் அதைச் சொன்னால் கம்பி போய்விடும். கம்பி போனால் அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒன்றுமில்லை. "பாக்கறேன்" என்றேன்.

மறுநாள் துணிகளை எடுத்துவிட்டு வந்து பலகையில் காதை வைத்தேன். அண்ணி மட்டும் பாடிக்கொண்டிருந்தாள். வாசலில் அண்ணனின் பைக் இல்லை. இரண்டாவது வரி. இந்த முறை சுருதி சரி, ஆனால் கடைசி எழுத்தில் மூச்சு போதவில்லை. வழக்கம்போல முணுமுணுத்தேன்.

அவள் நிறுத்தினாள். திருத்திப் பாடினாள். பிறகு, "இப்போ சரியா?" என்றாள்.

அங்கே யாரும் இல்லையே என்று நினைத்தேன்.

"ஸ்பீக்கர், உன்னைத்தான். கேக்குதுன்னா விரலைத் தூக்கு." கொஞ்சம் இடைவெளி. "அதை நான் எப்படிப் பாக்கறது. கொடியைச் சுண்டு."

பலகையிலிருந்து முகத்தை எடுத்தேன். ஜன்னலுக்கு வெளியே கம்பி வெறுமையாக, நேராக, வெயிலில் பளிச்சென்று இருந்தது. கிளினிக்கில் கேட்டும் விரலைத் தூக்காதவர்களை நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவேன். கண் லேசாக அசையும். இங்கே கண்ணாடி இல்லை. பேசாமல் எழுந்து போய்விடலாம். ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே கையை நீட்டி, கொடியைச் சுண்டினேன்.

"ம்" என்றாள். "எவ்வளவு நாளா?"

"நீங்க எவ்வளவு நாளா?"

"முதல்ல கொசுன்னு நினைச்சேன். ஹெட்போன்ல சத்தத்தை ஏத்தி வச்சுக் கேட்டா, கொசு சொல்லுது, ரெண்டாவது வரி இறங்குதுன்னு. எந்தக் கொசுவுக்கு இவ்வளவு ஞானம் இருக்கும்?"

"அண்ணாகிட்ட சொன்னீங்களா?"

"எதுக்குச் சொல்லணும்? நீ சொன்னதை நான் கண்டுபிடிச்ச மாதிரி சொன்னேன். அவர் என்னைப் பாராட்டினார். நீதான் கேட்டிருப்பியே."

கேட்டிருந்தேன். காது சுட்டது.

"அது என்னோடது" என்றேன். நேருக்கு நேர் யாரிடமும் நான் அப்படிப் பேசியதில்லை. பலகையிடம் பேசுவது சுலபமாக இருந்தது.

"தெரியும்." குரல் இன்னும் பக்கத்தில் வந்தது. அவளும் சுவரில் வாயை வைத்துப் பேசுகிறாள் போல. "இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து பாடிக்கிட்டுத்தான் இருக்கேன். நல்லா இருக்கும்பார். அப்புறம் தலையை ஒரு மாதிரி சாய்ச்சு, ஸ்பீக்கர் இருந்தா என்ன சொல்லியிருப்பாளோம்பார். எனக்கு எப்படி இருக்கும் சொல்லு. பாடறது நான், மார்க் போடறது ரூம்லயே இல்லாத ஆள்."

அண்ணன் அப்படிச் சொல்வான் என்று எனக்குத் தெரியாது. அதைக் கேட்டதும் முதலில் சந்தோஷமாக இருந்தது. அவளுக்கு வலித்ததனால் இன்னும் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

"அப்போ என்னையும் உள்ள கூப்பிட்டிருக்கலாமே" என்றேன்.

"என் இடத்துல நீ இருந்தா கூப்பிட்டிருப்பியா?"

வாயை எடுத்துவிட்டுப் பலகையில் காதை வைத்தேன்.

"சரி விடு. ஞாயித்துக்கிழமை அந்த மனுஷன் சுவரைப் பிரிக்கக் கடப்பாறை எடுக்கப் போறார். இந்தக் கொடி விஷயத்தை நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா? நான் சொன்னேன்னா..."

அதோடு குரல் நின்றுவிட்டது. வெளியே பார்த்தேன். அம்மா வாளியோடு நின்றுகொண்டிருந்தாள். கம்பியின் நடுவில் ஓர் ஈரப் போர்வை.

"அங்க என்னடி, பலகையோட ரகசியம் பேசிக்கிட்டு? வந்து இந்த முனையைப் பிடி."

நான் போர்வையின் முனையைப் பிடிக்கவில்லை. "நான் சொன்னேன்னா" என்றாளே, சொன்னால் என்ன? எனக்குத் தெரியும். அவள் சொன்னால், கொடியைக் கண்டுபிடித்ததும் அவள் காதுதான் என்றாகும். அவன் தலையைச் சாய்க்க மாட்டான், என் பெயரைச் சொல்ல மாட்டான். வாசலில் பைக் சத்தம் கேட்டது. நான் செருப்புப் போடாமல் ஓடினேன்.

அண்ணன் ஹெல்மெட்டைக் கூடக் கழற்றவில்லை. "அண்ணா, கொடிதான்" என்றேன். "அம்மா மாட்டின போல்ட் உள்சட்டத்தைத் தொடுது. காக்கா உக்காந்தா அதான் டொக்குங்குது."

அவன் ஹெல்மெட்டோடு தோட்டத்துக்கு ஓடினான். போர்வையை உருவி அம்மாவின் தோளில் போட்டுவிட்டு, கம்பியைச் சுண்டினான். ஸ்டுடியோவின் கதவு திறந்தது. அண்ணி ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றாள். என்னை முந்திக்கொண்டு சொல்ல முடியாமல் போனவளின் முகம்.

"கேட்டுச்சா?" என்றான்.

"நல்லாவே."

"எப்படிடி கண்டுபிடிச்ச?" என்று என் பக்கம் திரும்பினான்.

அண்ணியைப் பார்த்தேன். ஒரே வார்த்தையில் அவளால் என்னை அந்த இடத்திலேயே கவிழ்க்க முடியும். என்னாலும் அவளை.

"துணி எடுக்கறப்போ கைபட்டு அதிர்ந்துச்சு" என்றேன்.

"தினமும் துணி எடுத்து மடிக்கறது இவதானே. கைக்குத் தெரியாம இருக்குமா?" என்றாள் அண்ணி. தயங்காமல், சிரிக்காமல் சொன்னாள். என் பொய்யைவிட அவள் பொய் நன்றாகச் சுருதி சேர்ந்திருந்தது. அதையும் என்னால் பொறுக்க முடியவில்லை.

அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றினான். "உன் காதுதான் காது" என்றான். என்னிடம்தான். அண்ணி கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டும் விரலைத் தூக்காத ஒருவரின் கண்போல அவள் கண் லேசாக அசைந்தது.

தச்சர் வந்து போல்ட்டைக் கழற்றினார். "அம்மாதான் நீளமா போடச் சொன்னாங்க" என்று அவர் சொல்ல, "நீளம்னா அடுத்த ஊர்வரைக்குமா?" என்றாள் அம்மா. கொடி மொட்டை மாடிக்குப் போனது. ஒவ்வொரு வாளிக்கும் அம்மா எங்களை ஒரு சுற்று திட்டிவிட்டுத்தான் படியேறினாள். நான் பலகையில் காதை வைத்துப் பார்த்தேன். என் ரத்த ஓட்டம்தான் கேட்டது. என் கணக்கு அவ்வளவு சரியாக இருந்தது.

பாட்டைக் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தைய மாலை, சமையலறையில் அண்ணி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"உள்ள வா. கொசு இல்லாம ரெண்டாவது வரி வர மாட்டேங்குது."

"அண்ணா கூப்பிட்டாரா, நீங்க கூப்பிடறீங்களா?"

"அவர்தான் கூப்பிடச் சொன்னார்" என்றவள், தண்ணீர் குடித்துவிட்டு, "நான் கூப்பிட்டிருக்க மாட்டேன்" என்றாள்.

அதற்குப் பிறகு போவது சுலபமாக இருந்தது.

உள்ளே மூன்றாவது நாற்காலி இல்லை. மூலையில் டிரம்ஸ் பெட்டியின்மேல் உட்கார்ந்தேன். நான் படத்தில் சதுரம் போட்ட அதே இடம். அங்கிருந்து அண்ணனின் முதுகும் அண்ணியின் முகமும் தெரிந்தன. அண்ணன் இரண்டு ஹெட்போன்களை எடுத்து, ஒன்றை அவளிடமும் ஒன்றை என்னிடமும் கொடுத்தான். என்னுடையது பழையது, என் அறையிலிருந்து போனது. காதுப்பஞ்சில் வேறு யாருடைய தலைமுடியோ ஒன்று ஒட்டியிருந்தது. எடுத்துப் போட்டுவிட்டு மாட்டிக்கொண்டேன்.

அண்ணி பாடினாள். முதல் வரி நன்றாக வந்தது. இரண்டாவது வரியின் முடிவில் ஒரு மயிரிழை இறங்கியது. அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நான் கேட்டதை அவள் பார்த்தாள். அவள் கேட்டதை நானும் பார்த்தேன். பாட்டு முடிந்தது.

"எப்படி?" என்றான் அண்ணன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், பொதுவாக.

அண்ணி மூச்சை இழுத்தாள். நானும் வாயைத் திறந்தேன். வெளியிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அவன் நாற்காலியை மெதுவாகத் திருப்ப ஆரம்பித்தான். யார் பக்கம் திரும்பப் போகிறான் என்று நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.